அம்மா நடத்திய ஒத்திகை நீதிமன்றம்

நீதிமன்றப் படியைக் கண்டாலே நடுங்கிய அம்மா, பிறகு எப்படி ஊரார் வழக்குகளுக்கெல்லாம் துணை போனார்? அம்மா இறந்த இந்த ஓராண்டாக அதைத்தான் யோசிக்கிறேன்.

காசிமேட்டில் பிறந்த அம்மா, திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டார். நான் பள்ளியில் படிக்கும்போது கன்டெய்னர் லாரி மோதி அப்பா இறந்தார். இறால் உரித்து என்னைப் படிக்க வைத்துக்கொண்டே, இழப்பீட்டு வழக்குக்கும் அம்மா அலைந்தார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. அங்கே பேசிய ஆங்கிலம் புரியாமல் வாயடைத்து நின்றாராம். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில், எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தமிழில் விசாரித்தார்கள். ஒரே நாளில் முடிந்தது.

அதன்பின் தெருவில் யாருக்கு வழக்கு என்றாலும், இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அம்மாவே அழைத்துப் போவார். விசாரணைக்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் ஒத்திகை நடக்கும். அம்மாதான் நீதிபதி. மிடுக்காக இருக்கட்டும் என்று என் சிவப்புத் துப்பட்டாவைத் தோளின் குறுக்கே போட்டுக்கொள்வார்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளைக் கணவர் விட்டுப் போய்விட்டார். ஜீவனாம்சம் கிடைக்காவிட்டால் மகளின் படிப்பு நின்றுவிடும்.

"அழுவாம சொல்லு. ஜட்ஜு இன்னா உன்னக் கடிச்சா துன்னப் போறாரு?"

"யக்கா, உன்னப் பாத்தா அழுவ எங்க வருது? சிரிப்புதான் வருது!"

விசாரணை நாளன்று நானும் கைக்குழந்தையோடு போயிருந்தேன். கன்னியம்மாள் உள்ளே நுழைந்ததும், வெள்ளை உடுப்பில் சிவப்புப் பட்டையோடு நின்ற நீதிமன்ற ஊழியரான டவாலியிடம் நேராகப் போய் நின்றார்.

"நைனா, நீயே நாயம் சொல்லு. பெத்த பொண்ணு இஸ்கூலு போவ வேணாமா?"

"யம்மா, ஜட்ஜு நான் இல்லம்மா! தோ, அவங்கோ!"

"அவங்களா? டீச்சரம்மா மாரி கீறாங்கோ!"

மேசைக்குப் பின்னால் இருந்த நீதிபதி சிரித்துவிட்டார். "அப்ப டீச்சர்கிட்டயும் ஒரு தடவை சொல்லுங்கம்மா."

கன்னியம்மாள் கொஞ்சமும் திக்காமல் சொன்னார். மாதச் செலவையும் பள்ளிச் செலவையும் ஏற்பதாக, அங்கே வந்திருந்த கணவர் அன்றே கையெழுத்திட்டார். மகள் இப்போது பத்தாம் வகுப்பு. மருத்துவமனையில் கடைசி நாட்களிலும் இந்தக் கதையைச் சொல்லி நர்சுகளைச் சிரிக்க வைத்தார் அம்மா.

அங்கே மாறி மாறிக் கண்விழித்த தெருப் பெண்களுக்கும், கட்டணமின்றி வாதாடிய வழக்கறிஞர்களுக்கும், எங்கள் சிரிப்பைப் பொறுத்துக்கொண்ட அந்த டவாலி அண்ணனுக்கும் நன்றி.

இப்போது கன்னியம்மாள் இரண்டு பெண்களை அழைத்து வந்திருக்கிறார். "நீ படிச்சவ பாப்பா, அக்கா எடத்துல நீ ஒக்காரு" என்கிறார். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்து அவர்கள் வழக்குக் கெட்டுவிட்டால்? பெரியவர்களே, என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். அதற்குள் சொன்னால் நல்லது.