பாதி எனக்கு, மீதி அவனுக்கு

அன்று காலை தோட்டத்து ஆபீஸ் அறையில் வெள்ளைக்காரத் துரை இருந்தார், கணக்கெழுதும் பெரிய கிராணி இருந்தார், நான் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தன் முறைக்காக என் கூட்டாளி நின்றுகொண்டிருந்தான். அப்பா வரவில்லை. அம்மாதான் தடுத்துவிட்டாள். "நீங்க அங்க வந்து நின்னு இருமினீங்கன்னா எல்லாம் போச்சு. வீட்டுலயே கெடங்க."

ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம். மலாயாவில் மூவார் ஆற்றோரத்து எங்கள் தோட்டத்தில் பாதி மரங்களில் பால் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். உடம்புக்கு முடியாதவர்களாகப் பார்த்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அப்பாவோ இரண்டு வாளிப் பாலைத் தூக்கினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். அங்கே போனால் அவருக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. நான் சின்னக் கிராணி ஆகிவிட்டால் குடும்பம் கிராணி வீட்டுக்குப் போய்விடும். அதற்கப்புறம் அவரை யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். எல்லோரும் என் வாயையே நம்பியிருந்தார்கள்.

பெரிய கிராணி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "துரைக்கு எஸ் சார், நோ சார் எல்லாம் ஆகாது. போன தடவை வந்தவன அதுக்கே வெரட்டிட்டாரு. ஒண்ணோட ஒண்ணு கோத்து நீளமாப் பேசு."

கோத்துப் பேசுவதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மூவாரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். ஒருவன் பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ் என்ற இணைப்புச்சொல் வரை சொல்லி நிறுத்தவேண்டும், மற்றவன் முடிக்கவேண்டும். நானும் கூட்டாளியும் அந்தப் பெஞ்சை அப்படியே ரப்பர் காட்டுக்குக் கொண்டுவந்தோம். பக்கத்துப் பக்கத்து மர நிரை எங்களுக்கு. மரத்தைச் சீவிக்கொண்டே நான் தொடங்குவேன்; அடுத்த மரத்தடியிலிருந்து அவன் முடிப்பான். சொல்வதற்கு வேறு கதை ஏது? எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொன்னோம்.

"எனக்கு இந்த வேலை வேண்டும், பிகாஸ்..." என்று நான் கத்துவேன்.

"என் அப்பா சீக்காளி, அவரால் இனிமேல் உழைக்க முடியாது!" என்று பதில் வரும்.

அதைச் சொல்லாத காலை கிடையாது. இங்கிலீஷில் அதுதான் எங்களுக்குத் தடுக்காமல் வந்தது.

"என்னங்கடா, மரத்துக்கிட்ட இங்கிலீஷ் பேசுறீங்க? பாலு கூடக் கொஞ்சம் வருதா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"வருது அக்கா, துரை வீட்டுக் காப்பிக்கு ஆகும்!" என்பான் கூட்டாளி.

அவனும் அதே வேலைக்குத்தான் எழுதிப் போட்டிருந்தான். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவன் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். அம்மா தன் தோட்டைக் கழற்றி மூவாரில் ஒரு சீனர் அடகுக் கடையில் வைத்து, எனக்கு வெள்ளைச் சட்டையும் காலுக்குப் பழைய சப்பாத்தும் வாங்கிக்கொடுத்தாள்.

துரை தலை நிமிராமலே கேட்டார். "இந்த வேலை உனக்கு எதற்கு?"

அதே கேள்வி. எனக்கு உயிர் வந்தது. "எனக்கு இந்த வேலை வேண்டும் சார், பிகாஸ்..."

அங்கே என் வாய் மூடிக்கொண்டது. தெரியாமல் இல்லை. தொழிலை நன்றாகக் கற்க விரும்புகிறேன், நேர்மையாக உழைப்பேன் என்று எத்தனையோ எடுத்துவைத்திருந்தேன். ஆனால் என் பங்கு முடிந்துவிட்டது என்று நாக்கு நினைத்துக்கொண்டது. அது காத்து நின்றது.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து, காட்டில் கத்துவதுபோலவே, கணீரென்று வந்தது மீதி: "என் அப்பா சீக்காளி, அவரால் இனிமேல் உழைக்க முடியாது!"

துரை பேனாவைக் கீழே வைத்தார். முதலில் சிரித்தார். பிறகு பெரிய கிராணியைப் பார்த்து, "இவன் அப்பா யார்?" என்றார். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொன்னார். "வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவனை உள்ளே கூப்பிடு" என்றார் துரை.

வேலை அவனுக்குப் போனது. அப்பாவும் அம்மாவும் அடுத்த கப்பலுக்கு என்று ஆனது.

சாயங்காலம் அவன் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து அழுதான். "வாய் தானா வந்துருச்சுடா. நான் போய் வேலை வேணாம்னு சொல்லிடறேன்."

"சொல்லிட்டு? உன் தங்கச்சிங்களும் கப்பலேறவா? போடா, பேசாம இரு."

அப்பா அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நீ பொய்யா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். பிறகு இருமல் அவரைப் பேசவிடவில்லை.

அம்மா ஒன்றில்தான் பிடிவாதமாக நின்றாள். "வெறுங்காதோட அந்த மண்ணுல எறங்க மாட்டேன். புருசன் உசுரோட பக்கத்துல நிக்கையில தாலியறுத்தவ மாதிரி போய் நிக்கச் சொல்றியா?"

அவர்கள் செலவுக்குப் பணம் அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்று நான் மரம் சீவ இங்கேயே தங்கினேன். அவர்கள் புறப்படுவதற்கு முன், என் கூலியையும் கூட்டாளியின் முதல் சம்பளத்தையும் சேர்த்துக்கொண்டு இருவரும் மூவாருக்குப் போனோம். வழியில் இங்கிலீஷ் பேசவில்லை. தமிழும் அதிகம் பேசவில்லை. கடைக்காரர் தோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மணிச்சட்டத்தைத் தட்டி, வட்டியோடு சேர்த்து மலாய் மொழியில் சொன்னார்: பன்னிரண்டு வெள்ளி எண்பது காசு. பாதியை நான் எண்ணி வைத்தேன்; மீதியை அவன் வைத்தான்.