பணிஸை வெல்லப் போன கஞ்சி

பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறது லேசு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாய் நிண்டு பாத்தவைக்குத்தான் என்ர வயித்தெரிச்சல் விளங்கும்.

எழுபதுகளில எழுவைதீவுக்கு மாற்றலாகிப் போனனான். ஊர்காவற்றுறையில இருந்து வள்ளத்தில வாற இலவசப் பணிஸ் எண்ட பன் ரொட்டிதான் பிள்ளையளுக்குச் சாப்பாடு. வந்து சேரேக்க கல்லுமாதிரி. "இதில என்ன சத்து? நான் முருங்கையிலைக் கஞ்சி குடுக்கிறன்" எண்டு துள்ளினன். பெரிய வாத்தியார் ஒரு சிரிப்புச் சிரிச்சார். தவணை முடியமுதல் பிள்ளையள் ஒருநாளாவது கஞ்சி காய்ச்சிற கிடாரத்தைக் காலியாக்கினால் கஞ்சி, இல்லாட்டில் பழையபடி பணிஸ் எண்டிட்டார்.

முதல் அகப்பை

சத்துக் கூடட்டும் எண்டு இலையை அள்ளிப் போட்டன். உப்பைக் குறைச்சன். தேங்காய்ப்பாலையும் விட்டுவைக்கேல்லை, குறைச்சன். ஐயோ, அந்தப் பச்சையை நீங்கள் பாத்திருக்கோணும்! முன்வாங்கில இருக்கிற பிலோமினா, கடற்தொழில் செய்யிற ஆக்களின்ர பிள்ளை, கோப்பையை மணந்து பாத்திட்டு மரியாதையாய்ச் சொன்னாள்:

"சேர், எங்கட ஆடும் இதைக் குடியாது."

வெள்ளிக்கிழமை

ருசிக்கு நெத்தலிக் கருவாட்டை இடிச்சுப் போட்டால் என்ன எண்டு ஒரு யோசனை. வேதக்காரப் பிள்ளையள் வெள்ளியில இறைச்சிதான் தின்னாயினம், மீன் தின்னுவினம் எண்டு கவனமாய் யோசிச்ச என்ர மூளை, சைவப் பிள்ளையள் அண்டைக்கு மீன் மச்சம் ஒண்டும் தொடாதுகள் எண்டதை மறந்துபோச்சு. அதுகள் கோப்பையைத் தள்ளிவைக்க எனக்குக் கோபம் வந்திட்டுது. "பாருங்கோ, நானே குடிக்கிறன்!" எண்டு மடமடவெண்டு குடிச்சுக் காட்டினன்.

சமைக்கிற மரியம்மாக்கா வாயில கைவைச்சா.

"சேர், வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டன் எண்டு நீங்களெல்லோ சொன்னனீங்கள்?"

அலுமாரிக்குப் பின்னால

மிஞ்சிற கஞ்சியை நாளாந்தம் குடிச்சு என்ர நாக்குச் செத்துப்போச்சு. வள்ளக்காரரைப் பிடிச்சு எனக்கு மட்டும் ஒரு பணிஸ் எடுப்பிச்சன். பணிஸில சத்தில்லை எண்டு காலமை பிரசங்கம் வைச்ச அதே வாயால, கந்தோர் அறை அலுமாரிக்குப் பின்னால நிண்டு கடிச்சுக்கொண்டிருக்கிறன். கரும்பலகைக்குச் சோக்கட்டி எடுக்க வந்த பிலோமினா எட்டிப் பாத்தாள். கிடாரம் வெளியில நிரம்பி வழியுது.

"சேர், கஞ்சி முடிஞ்சுபோச்சோ?"

வாடைக்காற்று

தவணை முடியிற கிழமை வாடை பிடிச்சு அடிச்சுது. ஒரு வள்ளமும் கடலில இறங்கேல்லை. பிள்ளையள் வழக்கத்தைவிடக் கூட வந்தினம். தம்பி தங்கச்சியையும் இடுப்பில கொண்டுவந்தினம். கஞ்சியை ஊத்த ஊத்த முடியுது. கடைசியில கிடாரத்தைச் சுரண்டிற சத்தம் கேட்டுது.

எனக்குத் தலைகால் தெரியேல்லை. பெரிய வாத்தியாரைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து காட்டினன். அவருக்கு முன்னால பிலோமினாவைக் கூப்பிட்டு, "எப்பிடிக் கஞ்சி?" எண்டு பெருமையாய்க் கேட்டன். அவள் கோப்பையை விரலால வழிச்சு முடிச்சிட்டு நிமிந்தாள்.

"நல்லாயில்லை சேர். நாலுநாளாய் அப்பா கடலுக்குப் போகேல்லை. நாளைக்கும் காய்ச்சுவியளோ?"

அடுத்தநாள் உப்பும் தேங்காய்ப்பாலும் தாராளமாய் விட்டுப் பெரிய கிடாரத்தில காய்ச்சினம், பெரிய வாத்தியார் என்ர கைப்பக்குவத்தை ஆகா ஓகோ எண்டு புகழ்ந்தார், நானும் வெக்கமில்லாமல் தலையை ஆட்டினன்.