கைப்பிடி வைத்த என்ஜின்

விழிஞ்ஞத்தில் எங்கள் புதுப் படகுக்கு டீசல் என்ஜின் எடுக்கப் போன அன்றுதான், என் அம்மாவுக்குக் கோபம் வரும் என்பதே எனக்குத் தெரிந்தது.

எந்த என்ஜின் என்று அப்பா முன்பே முடிவு செய்திருந்தார். லாரியிலிருந்து கழற்றிப் படகுக்கு ஏற்றபடி மாற்றிய ஆறு சிலிண்டர் என்ஜின். எங்கள் படகுத்துறையில் வேறு யாரிடமும் அவ்வளவு பெரியது கிடையாது. அவருக்கு அது போதும். எனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் முந்தின நாளே பீற்றிக்கொண்டாகிவிட்டது. அம்மாவைக் கூட்டிப் போனது ஒரு மரியாதைக்கு.

கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். கொட்டகையின் தகரக் கூரையே அதிர்ந்தது. அப்பா புது மாப்பிள்ளை மாதிரி சிரித்தார். என்ஜினை நிறுத்தியதும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: பேட்டரி போய்விட்டால் இதைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியுமா? இவ்வளவு பெரியதை யாராலும் சுற்ற முடியாது என்றார் கடைக்காரர். "சேச்சி பேடிக்கண்டா, புது பேட்டரியாக்கும்," என்று பயப்பட வேண்டாமென மலையாளத்தில் சொன்னார்.

அம்மா குனிந்து பேட்டரி வயரை ஒரே இழுப்பில் பிடுங்கி, அப்பாவிடம் நீட்டினாள்.

"நடுக்கடல்ல இது நனைஞ்சாச்சு. இனி ஸ்டார்ட் பண்ணுங்க, பாப்பம்."

வீட்டில் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், கூட வந்த துறை ஆட்கள் பார்க்க இப்படிச் செய்துவிட்டாளே. அப்பா கையை ஓங்கப் போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. "ஒனக்க அண்ணனுக்க படகும் நடுக்கடல்ல இப்பிடித்தான் நின்னு போச்சு," என்றார் அப்பா. "நான் மறந்திருக்கப்பிடாது." குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மூலையில் கிடந்த இரண்டு சிலிண்டர் என்ஜினை அம்மாவே கைப்பிடியைப் போட்டுச் சுற்றினாள். அது இருமி இருமி ஓடத் தொடங்கியதும், கழன்று வந்த கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நான் திகைத்துப் போனேன். கேட்டது கிடைத்த பிறகு எதற்கு அழ வேண்டும்? இந்தச் சின்ன என்ஜினை வைத்துக்கொண்டு நாளை எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது என்று எனக்கும் அழுகை வந்தது.

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, மஸ்கட்டில் கப்பலில் வேலை பார்க்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். திரும்பும் வழியில், மாமாவின் கப்பலுக்கும் கைப்பிடி உண்டா என்று கேட்டேன்.

அம்மா நின்றுவிட்டாள்.

"உண்டு மக்ளே," என்றார் அப்பா.

எனக்கு நிம்மதியாக இருந்தது.