வி.ஆர்.எஸ். கையெழுத்தும் தனத்தின் மாத்திரையும்

எங்கள் இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியில் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு நோட்டீஸ் ஒட்டிய வாரம், ஊழியர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் செக்‌ஷனில் எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. எண்ணூர் பக்கம் பல கம்பெனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசி அது. நான் அங்கே கிளார்க். வந்தவர்கள் எல்லோரும் கையில் எவ்வளவு வரும் என்றுதான் கேட்டார்கள்.

கன்னியப்பன் வேறொன்று கேட்டார். வியாசர்பாடிக்காரர். ஃபெட்லிங் ஷாப்பில், வார்த்தெடுத்த இரும்பின் பிசிறுகளைக் கிரைண்டரில் தேய்த்து எடுக்கும் வேலை. ஐம்பத்தெட்டு முடிந்து ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை.

“கையெழுத்துப் போட்டா ஈ.எஸ்.ஐ. கார்டு இன்னா ஆவும் மேடம்? எங்க வூட்டுக்காரி தனத்துக்கு ஃபிட்ஸ் கீது. டெய்லி மாத்திரை ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிலதான் வாங்கிகினு கீறோம்.”

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். அன்றைய விதி இதுதான்: ஐந்து வருஷமாவது காப்பீட்டில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றால், வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டிப் புருஷன், பெண்சாதி இருவரும் தொடர்ந்து மருந்து வாங்கலாம். வி.ஆர்.எஸ்.ஸில் போனால் அந்தச் சலுகை கிடையாது. சில மாதம் கார்டு ஓடும், அப்புறம் நின்றுவிடும்.

மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு மேலிடத்து நெருக்கடி.

“நீங்க கால்குலேஷன் மட்டும் சொல்லுங்கம்மா. இதெல்லாம் சொன்னா யாரும் கையெழுத்துப் போட மாட்டான்.”

“கேட்டவருக்கு என்ன சார் சொல்றது?”

“கேட்டா சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். கன்னியப்பன் கையெழுத்துப் போடாமல் போனார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண்மணி கேட்டில் வந்து என்னைக் கேட்பதாக வாட்ச்மேன் சொன்னார். போய்ப் பார்த்தால் கன்னியப்பனின் மனைவி தனம்.

“நீதான் அவர வேணாம்னு சொன்னியாமே? ராவெல்லாம் இருமிகினு கெடக்கறாரும்மா. எனக்கு மாத்திரை வாங்கறதுக்கோசரம் இவரு அந்தத் தூசியத் துன்னணுமா? அந்த மாத்திரையே எனக்கு வாணாம்.”

அழவில்லை, கத்தவும் இல்லை. நான் விதியைப் பார்த்தேனே தவிர, அந்த மிச்ச மாதங்களை அவர் எங்கே நின்று கழிப்பார் என்று யோசித்திருக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. தெரிந்துதான் வந்திருந்தாள்.

மறுபடி மேனேஜரிடம் போனேன். ஃபெட்லிங் ஷாப் எப்படியும் மூடப் போவதுதான், இவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினால் என்ன என்று கேட்டேன். உடனே சம்மதிக்கவில்லை. தனம் வந்து சொன்னதைச் சொன்ன பிறகு, “தூசி வேலைக்கான அலவன்ஸ் கிடைக்காது, அவருக்குச் சம்மதமான்னு கேளுங்க” என்றார்.

“தூசி இல்லாட்டி போதும் மேடம், தனமும் சரின்னு வுட்ரும்” என்றார் கன்னியப்பன்.

கூட வேலை பார்த்தவர்கள் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். அவர் ஸ்டோர்ஸில் நட்டு, போல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நாளைத் தள்ளி, வயது முடிந்தே ரிட்டயர் ஆனார். பணம் கட்டிப் புதுக் கார்டும் வாங்கினார்.

வெகுநாள் கழித்து இருவரையும் டிஸ்பென்சரி வரிசையில் பார்த்தேன். கன்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. தனம்தான் பேசினாள்.

“எனக்கு அதே ஒரு மாத்திரைதாம்மா. இப்போ இவருக்குத்தான் பை நெறய வாங்கறோம். நெஞ்சுல அத்தினி வருஷத் தூசி.”

அவளுக்காகக் காத்திருந்து வாங்கிய கார்டு அவரைத்தான் அதிகம் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை அன்று நாங்கள் மூவருமே போடவில்லை.

பெர்சனல் பிரிவு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். வேலையை விடுகிறேன் என்று வருபவருக்குத் தொகையைச் சொல்வதற்கு முன்னால், வீட்டில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். அவர் உடம்புக்கு என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.