நாற்பது சிப்பாய்க்கும் ஒரே மூக்கு

பிரசாரத் துறை ஓவியருக்கு மூளை கழன்றுவிட்டது, போர்ச் சுவரொட்டிகளில் எல்லாச் சிப்பாய்க்கும் ஒரே மூஞ்சியை வரைகிறார் என்று வதந்தி. வதந்தி பரப்பினால் ஆறு மாதம் சிறை. சரிபார்த்தால் எத்தனை மாதம் என்று சட்டம் சொல்லவில்லை, கிளம்பிவிட்டேன்.

ரயில் நிலையத்திலிருந்து தபால் நிலையம் வரை நாற்பது சிப்பாய்களை எண்ணினேன். அத்தனை பேருக்கும் வெற்றிச் சிரிப்பு. அத்தனை பேருக்கும் மூக்கு லேசாக இடப்பக்கம் வளைந்திருந்தது.

ஓவியர் எனக்குப் பழக்கம்தான். பத்திரிகைகள் இருந்த காலத்தில் நான் கேலி எழுத, அவர் கேலிப்படம் போட்டார். மாடியில் ஒற்றை அறை. அவர் மனைவி கதவைப் பாதி திறந்தார்.

"உள்ள வந்துடுங்க. வாசல்ல நின்னா கூட்டம்னு தெருமுனை போலீஸ்காரன் எழுதிக்குவான்."

மேசையில் ஒரு நோட்டு. கட்டம் கட்டமாக ஓவியர் தன் கதையையே படமாக வரைந்து வைத்திருந்தார். ஒரு கட்டத்தில் சின்னப் பையன் சைக்கிளிலிருந்து விழுகிறான், மூக்கில் ரத்தம்.

"உங்க பையனா அண்ணே?"

"வேற யாரு? சண்டைக்குப் போய் ரெண்டு வருஷம். ஒரு கடுதாசி இல்லை. நம்ம பக்கம் யாரும் சாகறதே இல்லையே, யார்கிட்ட போய்க் கேட்கறது?"

கேட்பதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அந்த மூக்கு. எந்தச் சிப்பாயின் போட்டோவைப் பார்த்து வரைகிறாரோ, அவன் எண்ணைத் துறையின் பதிவேட்டில் எழுத வேண்டும். செத்தவன் சுவரில் சிரிக்கக் கூடாது. செத்தவர்களின் ரகசியப் பட்டியலில் அந்த எண் வந்தால், 'முகத்தை மாற்று' என்று அதிகாரி சீட்டு அனுப்புவார். ஓவியர் மகனின் போட்டோவையே மாதிரியாகக் கொடுத்துவிட்டார். சீட்டு வராதவரை பையன் உயிரோடு இருக்கிறான்.

"உங்களுக்குப் பைத்தியம்னு ஊரே பேசுது."

"பேசட்டும். இந்தத் துறையில பைத்தியத்துக்குத்தான் வேலை நிரந்தரம்."

மனைவி சிரிக்கவில்லை. "இன்னிக்கு வந்துடுச்சு. காட்டுங்களேன்" என்றார்.

ஓவியர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். இரண்டே சொல். அதிகாரியின் கையெழுத்து மணிமணியாக இருந்தது.

யாரும் அழவில்லை, பக்கத்து அறைக்குக் கேட்கும். ஓவியர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"உன்கிட்ட ரப்பர் இருக்காப்பா? துறையில தரமாட்டான். அரசாங்கம் தப்பே பண்ணாதாம்."

கொடுத்தேன்.

"காரியம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்."

வியாழக்கிழமை புதுச் சுவரொட்டிகள் ஒட்டினார்கள். அதே முகம், அதே வளைந்த மூக்கு. ஆனால் ஒருவனும் சிரிக்கவில்லை. வாய் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

மதியத்துக்குள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டார்கள். மாடி அறைக் கதவில் அரக்கு முத்திரை. இரண்டு பேரையும் எங்கே கொண்டுபோனார்கள் என்று பக்கத்து அறைக்காரருக்கும் தெரியவில்லையாம். அங்கே யாரும் குடியிருந்ததாகவே அவருக்கு நினைவில்லையாம்.

ரப்பர் இன்னும் வந்து சேரவில்லை. சொன்ன சொல் தவறுகிற மனிதர் இல்லை அவர்.