மீன் வறுத்த வண்டியும் எங்கள் நைனாவும்

சித்தப்பா, காதர் பாயின் காரில் கிளட்ச் பிளேட்டுக்குச் சுறா எண்ணெய் பூசியது நீங்கள். எங்கள் நைனா அல்ல.

முதலாண்டு நினைவு மலரில் மகள் இப்படி எழுதக் கூடாது என்று அம்மா சொல்கிறார். நைனா நல்லவர் என்று எழுதினால் போதுமாம். அவர் நல்லவர் என்பது ஊருக்கே தெரியும். வேலை தெரியாதவர் என்றும் ஊர் நம்புகிறதே, அது பொய். அதனால் எழுதுகிறேன்.

நைனா லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தார். தாத்தா கடலோடு போன பிறகு, தம்பியான உங்களை அவர்தான் வளர்த்தார். கட்டுமரத்தில் போனார், பிறகு ஃபைபர் படகில் போனார். எஞ்சின் நின்ற படகுகளை நடுக்கடலிலேயே பிரித்துப் பூட்டிக் கரை சேர்த்தார். கடல் ஊருக்குள் புகுந்தபோது நம் படகு போனது. அதன் பின் கரையில் உட்கார்ந்து எஞ்சின் பழுது பார்த்தார். உங்களுக்கும் அந்தத் தொழிலைக் கொடுத்தவர் அவரே.

பழவேற்காடு காதர் பாய் வீட்டில் அவருடைய வாப்பா விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. கூரை இல்லாத, இரண்டு பேர் உட்காரும் சிவப்பு வண்டி. எஞ்சின் துருவேறி இறுகி, அதன் இரும்புக் கூடான பிளாக்கும் விரிசல் விட்டிருந்தது.

"மக நிக்காவுக்கு மாப்ளைய இதுலதான் அழைச்சுனு வரணும், மெக்கானிக்கு. கடல்லயே எஞ்சின் ஓட்டுற, ரோட்டுல ஓட்ட மாட்டியா?" என்றார் பாய்.

அந்தப் பழைய எஞ்சினுக்கு இங்கே சாமான் கிடையாது. வேறு எஞ்சின் வைப்பது என்று நைனா முடிவு செய்தார். எஞ்சின் உட்காரும் இடத்தை வலை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த நூலோடு புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன்.

"இன்னா பெர்சு, எஞ்சின் வாங்க வந்தியா, அதுக்குச் சட்டை தைக்க வந்தியா?" என்றான் ஒரு கடைக்காரன்.

"தைக்கத்தான் வந்தேன். உன் துணி கிழிஞ்சிக்கீதே," என்றார் நைனா.

கடைசியில் விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்தே கிடைத்தன. பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை மீஞ்சூர் லேத்தில் வெட்டி ஒட்டினார். ரேடியேட்டர் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கோழிப்பண்ணை ஜெனரேட்டரிலிருந்து வந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் எங்கும் பொருந்தவில்லை. உடைந்த படகு எஞ்சினின் ரப்பரை அறுத்து வைத்தார். வந்த இரும்பெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க, நம் வழக்கப்படி சுறா எண்ணெய் பூசி அடுக்கினோம். கிளட்ச் பிளேட்டை மட்டும் நைனா பையில் கட்டி அரிசி டிரம்முக்குள் வைத்தார். எஞ்சின் சுற்றுவதைப் பிடித்துச் சக்கரத்துக்குத் தருவது அதுதான். எண்ணெய் பட்டால் பிடிக்காது, வழுக்கும்.

சைலன்சர் குழாய் வாங்க அவர் சென்னைக்குக் கிளம்பிய காலையில் உங்களிடம் சொன்னார்: "டிரம்முல கீறதுக்கு மட்டும் எண்ணெ காட்டாதடா. அப்படியே மாட்டு."

நான் வாசலில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் எண்ணெய் டப்பாவைத் திறந்தீர்கள்.

"சித்தப்பா, நைனா வாணாம்னு சொல்லிச்சே!"

"கருவாடு மாரி காஞ்சி கெடக்குது பாரு. இரும்புக்கு எண்ணெ காட்டாம எவனாவது மாட்டுவானா? நீ நண்டப் பாரு."

நைனா குழாயோடு திரும்பி அதை மாட்டி முடிக்கவே நிக்கா நாள் வந்துவிட்டது, ஓட்டிப் பார்க்க நேரமில்லை. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. வண்டி அசையவில்லை. புகை கிளம்பி, தெரு முழுக்க மீன் வறுக்கும் வாசனை. பூனைகள் வந்து நின்றன. கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை ஆட்டோவில் போனார்.

"எவன்யா இத மாட்டினது?" என்று கத்தினார் பாய். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

"நான்தான் பாய்," என்றார் நைனா.

வீட்டில் நான் சண்டை போட்டேன். "அவன் இப்பதான் கடை போட்டுக்கீறான். பேரு கெட்டா எவன் எஞ்சின் குடுப்பான்? நான் கீற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது," என்றார். நான் திறக்கவில்லை.

வேறு பிளேட் தேடி வாங்கி, நைனாவே மாட்டினார். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. ஆனால் ஊருக்கு நினைவில் நின்றது வாசனைதான். 'மீன் வறுத்த மெக்கானிக்' என்று பெயர் வைத்தார்கள். அவரிடம் வந்த படகுகள் உங்கள் கடைக்கு வந்தன. பயந்து வாயை மூடிக்கொண்டதைக்கூட நான் மன்னிப்பேன். நீங்களே அந்தக் கதையைக் கடையில் சொல்லிச் சிரித்தீர்கள். கருமாதி வீட்டிலும் சொன்னீர்கள்.

நைனாவுக்கு நுரையீரல் கெட்டபோது, பாய் அந்தச் சிவப்பு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மூச்சு வாங்கிக்கொண்டே நைனா கேட்டார்: "கிளட்ச்சு வழுக்குதா பாய்?"

"உடும்பு மாரி புடிக்குது, மெக்கானிக்கு. நீ பேசாம வா."

பாய்க்கு நன்றி. முகம் சுளிக்காமல் பார்த்த நர்ஸ் அம்மாவுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பாடை தூக்கிய குப்பத்தாருக்கும் நன்றி. சித்தப்பா, நீங்களும் தோள் கொடுத்தீர்கள். அதற்கும் நன்றி.

இந்த மலர் பந்திக்கு முன்பே எல்லோர் கைக்கும் வந்துவிடும். பாய் முன்வரிசையில் இருப்பார். இதை மாட்டியது யார் என்று அன்று அவர் கேட்டார். எழுந்து நின்று, கடைசி ஆள்வரை கேட்கும்படி பதில் சொல்லுங்கள். பிறகு இலை போடுகிறோம்.