முடிக்கத் தெரியாத ப்ளூஸ்

ஹட்டன் கடைவீதியில் எங்களுக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. அதன் மாடி அறையில் முன்பு ஒருவர் இசை வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் சேரவில்லை. கொழும்புக்குக் கிளம்பியபோது கீபோர்டை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். டிரம்ஸை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர், ஒரு வருடம் கழித்துத் தொலைபேசியில், "நீங்களே வச்சுக்கங்க அக்கா, இங்க வைக்க எடமில்ல" என்று சொல்லிவிட்டார். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. தூசி தட்டப் போனவள் தட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்.

கைப்பேசியில் பாடம் பார்த்துப் பழகினேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையில் ஆள் குறையும். அந்த அரை மணி நேரம் நான் மேலே, என் கணவர் கீழே. யாராவது வந்து, "மேல என்னண்ணே சத்தம்?" என்று கேட்டால், "பலகை அடிக்கிறாங்க" என்பார். ஏழு மாதமாக எங்கள் மாடியில் பலகை அடித்தார்கள். "இன்னுமா முடியல? வேற ஆளப் புடிங்கண்ணே" என்று அக்கறையோடு புத்தி சொன்னவர்களும் உண்டு.

ஒரு நாள் கம்பளி மேற்சட்டை வாங்க ஒரு பெரியவர் வந்தார். சிங்களவர், தேயிலைத் தோட்டங்களை நிர்வகிக்கும் துரையாக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தத்தைப் பற்றிக் கேட்டதும் கணவர் வழக்கமான பதிலைச் சொன்னார். பெரியவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார்.

"மொதலாளி, பலகை அடிக்கிறவன் நாலு நாலா அடிக்க மாட்டானே?"

கணவருக்குப் பொய் சொல்ல வராது. ஏழு மாதமாக ஒரே பொய்யைப் பழகியதால்தான் அது வந்தது. இரண்டாவது பொய்க்கு வழியில்லாமல், "என் சம்சாரம்ங்க" என்று ஒப்புக்கொண்டார்.

என்னைக் கீழே கூப்பிட்டார்கள். அப்படித்தான் எனக்கு அழைப்பு வந்தது. நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதி. மாதத்தில் ஒரு ஞாயிறு சாயந்தரம் அங்கே கொஞ்சம் பேர் கூடி ப்ளூஸ் வாசிப்பார்களாம். பெரியவர் கிதார். ஓர் ஆங்கில வாத்தியார் மவுத் ஆர்கன் ஊதிக்கொண்டு பாடுவார். டிரம்ஸ் வாசித்தவர் அதை அங்கேயே விட்டுவிட்டு மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார். "வா தங்கச்சி, வந்து அடி" என்றார் பெரியவர். அந்தத் தமிழ் எனக்குச் சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "கோவிச்சுக்காதே. எனக்கு மரியாதைத் தமிழ் தெரியாது. தோட்டத்துல எனக்குச் சொல்லிக் குடுத்தது இதுதான்."

ப்ளூஸ் என்றால் என்னவென்று அன்று மாலையே தேடிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு அளவு, ஒவ்வோர் அளவிலும் நாலு தட்டு. பன்னிரண்டு முடிந்தால் மறுபடி ஒன்று. பன்னிரண்டு எனக்குப் பழகிய எண்தான். நாலு விரல், விரலுக்கு மூன்று கணு. கட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனால் ஒரு கையில் பன்னிரண்டு முடிந்துவிடும். ஆனால் டிரம்ஸில் உட்கார்ந்தால் இரண்டு கையிலும் குச்சி. எண்ண விரல் ஏது?

"நான் எண்ணுறேன்" என்றார் கணவர். "முன் வரிசையில ஒக்காந்து கைய நீட்டிக்கிட்டு இருக்கேன். என் விரலப் பாத்து நீ அடி."

விடுதிக் கூடத்தில் பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர்கள் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். கணவர் முன் வரிசையில் குடையைத் தொடைகளுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, வலது கையை நீட்டி வைத்தார். யாசகம் கேட்கிறாரோ என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு சுற்றும் பிசகில்லை. கணவரின் கட்டை விரல் கணுக்கணுவாக நகர்ந்தது. மூன்றாவது சுற்றில் என் கை தானாக வேகம் எடுத்தது. நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த மேளமெல்லாம் திருவிழா மேளம். சாமி நகர நகர அடி கூடும். கூடாவிட்டால் மேளக்காரனைத் திட்டுவார்கள். அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். டிரம்ஸ் சத்தத்தில் எனக்கு "ஆமென், ஆமென்" என்று கேட்டது.

ப்ளூஸுக்கும் தேவாலயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று வாசித்திருந்தேன். வாசிப்பு பிடித்துப்போனால் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு. இன்னும் விரட்டினேன். பெரியவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, "ஆமென்! ஆமென்!" என்றார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். வாத்தியார் மூச்சு வாங்க முடியாமல் மவுத் ஆர்கனைக் கீழே இறக்கிவிட்டார். கணவரின் கட்டை விரலும் தொடர முடியாமல் நின்றது. பாட்டு எங்கேயோ சரிவில் உருண்டு நின்றது.

தேநீர் இடைவேளையில் பெரியவர் என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் ஹெமின் ஹெமின்னு கத்தினேனே, கேக்கலையா?"

எனக்கு உடம்பு கூசிப்போனது. சிங்களத்தில் ஹெமின் என்றால் மெதுவாக. கடையில் நாளுக்குப் பத்துத் தடவை நானே சொல்லும் வார்த்தை.

"தமிழ்ல சொல்லியிருக்கலாமே சார்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "முப்பது வருஷம் தோட்டத்துல சீக்கிரம், சீக்கிரம்னுதான் சொன்னேன். இந்த வார்த்தைக்கு வேலையே வரல்ல. அவசரத்துல தமிழ் வாயில வரல்ல."

"எங்கம்மா நோட்டன் பிரிட்ஜ் பக்கம் கொழுந்து எடுத்தவங்க சார். அவங்களும் அந்த வார்த்தையக் கேட்டிருக்க மாட்டாங்க."

அவர் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தி, "மெதுவா" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "மெதுவா. சரியா?"

"சரிங்க சார்."

இரண்டாவது பாட்டில் அவர் அந்த வார்த்தையைச் சொல்ல அவசியமே இருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக அடித்தேன். முதலில் அது அடிப்பது போலவே இல்லை, அடிக்காமல் இருக்கக் கஷ்டப்படுவது போல இருந்தது. பிறகு ஓர் இடத்தில் தோள் இறங்கியது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் கிதார் நுழைந்து பேச இடம் கிடைத்தது. ஏழு மாதமாக மாடியில் தனியாக அடித்தபோது எனக்குக் கிடைக்காத ஒன்று அது. கண் கலங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம் இறங்கியிருந்தது.

இதற்கிடையில் பரிமாறுகிறவர் கணவரிடம் கட்லட் கொண்டுவந்தார். கணவர் மோதிர விரலின் நடுக் கணுவில் கட்டை விரலை வைத்தபடி யோசித்தார். பிறகு கட்லட்டை எடுத்துக்கொண்டார். அத்தோடு கணக்குப் போயிற்று.

அளவு தவறியது பெரிதில்லை. பாட்டை எப்படி முடிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவர் நான் முடிப்பேன் என்று என்னைப் பார்த்தார். நான் அவர் முடிப்பார் என்று அவரைப் பார்த்தேன். வாத்தியார் எங்கள் இருவரையும் பார்த்தார். ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இன்னொரு சுற்று போனோம். பிறகு இன்னொன்று. வாத்தியாருக்குப் பாட்டு வரிகள் தீர்ந்து, முதல் அடியையே நாலாவது தடவை பாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முதலில் தலையாட்டினார்கள், அப்புறம் கடிகாரம் பார்த்தார்கள்.

கணவரும் பார்த்தார். ஹட்டனுக்கு ஆறு மணி பஸ். அதை விட்டால் நானுஓயாவுக்குப் போய் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் முதலில் செருமினார். பிறகு கண்ணால் ஜாடை காட்டினார். நான் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன். கடைசியில் எழுந்து நின்று, குடையை உச்சிக்குத் தூக்கி, "இந்தா, பஸ்ஸு போயிரும்!" என்று சொல்லிக் கீழே ஓங்கி இறக்கினார்.

நாங்கள் மூவரும் ஒரே நொடியில் நிறுத்தினோம். அவ்வளவு சுத்தமான முடிவு. நான் பெரிய சிம்பல் தட்டில் ஒன்று போட்டேன், அதுவும் குடையோடு சேர்ந்தே விழுந்தது. கூடம் முழுக்கக் கைதட்டல். எல்லோரும் கணவரைப் பார்த்துத்தான் தட்டினார்கள். அவர் பாதிக் கட்லட்டோடு கும்பிட்டார்.

வாசலில் செருப்புப் போடும்போது பெரியவர் பின்னாலேயே வந்தார். எனக்குத்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். அவர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதலாளி, அடுத்த மாசமும் கட்டாயம் வரணும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தங்கச்சியும்" என்றார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. தலவாக்கலை வரைக்கும் கணவர் பேசிக்கொண்டே வந்தார். "அந்த வெள்ளைக்காரம்மா என்னையப் போட்டோ எடுத்துச்சே, பாத்தியா? ரெண்டு தரம் எடுத்துச்சு." நான் பார்த்தேன் என்றேன். என் பக்கம் யாரும் கேமராவைத் திருப்பவில்லை என்பதையும் பார்த்திருந்தேன். கோபப்படலாம் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. என் கை இரண்டும் அடித்து ஓய்ந்திருந்தன. பஸ் நிலையத்தில் வாங்கி மடியில் வைத்திருந்த கேரட் பை வளைவுக்கு வளைவு நழுவியது. அவர் பேச்சை நிறுத்தாமல் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.